அடிமனை

செருப்புகள் வீட்டுக்குள் பார்த்துத் திரும்பியிருந்தன.

தொமோயே மரத்தளத்தின் விளிம்பில் நின்று அவற்றைப் பார்த்தாள். உள்ளே வந்ததும் குனிந்து காலணிகளின் மூக்கைத் தெருவை நோக்கித் திருப்பி வைப்பது அவளுக்கு மூன்று வயதில் வந்த பழக்கம். கை தானாகச் செய்துவிடும். நேற்று மாலையும் செய்திருந்தது. இப்போது காலை ஆறரை மணி. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கறுப்புச் செருப்பும் அதன் பக்கத்தில் ரப்பர் மழைக்காலணியும் குதிகால்களைச் சேர்த்துக்கொண்டு, உள்ளே கூப்பிடக் காத்திருக்கும் விருந்தாளிகள்போல அவளைப் பார்த்து நின்றன.

இது மூன்றாவது நாள்.

நகரத்தின் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்பவள் அவள். கண்டதை முதலில் எழுதிவைப்பாள், பிறகு யோசிப்பாள். நாட்காட்டியில் ஜூன் பத்தொன்பதுக்குக் கீழே 'செருப்பு' என்று எழுதினாள். யோசிக்கவில்லை. மழைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. கனசாவாவில் அந்த மாதம் எல்லா வீட்டிலும் பாயும் துணியும் புழுங்கிய வாசம் அடிக்கும். அவள் வீட்டில் அதற்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. கதவுக்கும் மரத்தளத்துக்கும் நடுவே, இடித்துக் கெட்டித்த மண் நடையிலிருந்து அது எழுந்து வந்தது. ஈரமண், கொஞ்சம் துரு, அதோடு காய்ச்சாத பாலின் வாசம்.

வீடு அவளுடையது. தூண், உத்தரம், கறுத்த ஓடு, சறுக்குக் கதவுகள் எல்லாம் அப்பா தன் காசில் வாங்கிக் கட்டியவை. அடிமனை குஸே குடும்பத்தினுடையது. அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான். மேலே இருப்பது ஒருவருக்கு, கீழே இருப்பது இன்னொருவருக்கு. ஐம்பது வருடக் குத்தகை ஜூலையோடு முடிகிறது. அப்பா மார்ச்சில் இறந்துபோனார். புதுப்பிக்கப் போவதில்லை என்று தொமோயே ஏப்ரலில் எழுதிக் கொடுத்தாள். அப்படியென்றால் வழக்கம் ஒன்றுதான். வீட்டை இடித்து, அஸ்திவாரக் கல்லையும் பெயர்த்து, முதல்நாள் வாங்கியதுபோலவே வெறும் மனையாகத் திருப்பித் தர வேண்டும்.

இடிக்கிறவர்கள் ஜூலை முதல் தேதி வருகிறார்கள். அவள் இருபத்தெட்டாம் தேதியே நகோயாவுக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே மகள் மியோவுக்கு ஜூலை எட்டில் தலைப்பிரசவம். மருமகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான், செப்டம்பருக்கு முன் கரைக்கு வரமாட்டான். வழக்கப்படி பெண்தான் அம்மா வீட்டுக்கு வரவேண்டும். வீடே போகிறது என்பதால் அம்மா போகிறாள். மியோவுக்கு வேறு யாரும் இல்லை.

அன்று பத்து மணிக்கு, இடிப்பு வேலை எடுத்திருந்த இவாகி அளவெடுக்க வந்தார். அறுபது வயது, குள்ளம், கழுத்தில் துண்டு. வீட்டைச் சுற்றி வந்து தூண்களைத் தட்டிப் பார்த்தார்.

"கிணறு இருக்காம்மா?"

"இல்லையே."

"எண்ணெய்ப் பீப்பா, பழைய தொட்டி? பூனை கீனை பொதைச்சீங்களா?"

தொமோயேக்குச் சிரிப்பு வந்தது. "பூனையா?"

"சிரிக்காதீங்க. போன வருஷம் ஒரு வீட்டுல பதினோரு பூனை. ஒவ்வொண்ணுக்கும் பேரெழுதின பலகை வேற. நம்ம பசங்க கடப்பாறைய வெச்சுட்டு அரைநாள் கும்பிட்டுக்கிட்டே நின்னானுங்க." காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "மேல இருக்கறதப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா. நாலு நாள்ல அள்ளிடுவேன். மண்ணுக்குள்ள இருக்கறதுதான் தகராறு. வீடு உங்களது, மண்ணு அவங்களது. அம்பது வருஷமா அந்தரத்துல குடியிருந்திருக்கீங்க போங்க."

அவர் நடையில் குந்தி, மண்தரையில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இங்க அடுப்பு ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லை. ஏன்?"

"சுடுது."

அவர் போனதும் தொமோயே வீட்டில் வைத்திருந்த சோதனைக்கூடத்து வெப்பமானியை எடுத்து வந்தாள். தோட்டத்து மண்ணில் இருபத்தொன்று. சமையலறைக்குக் கீழே இருபது. நடையில், வாசல்படியின் உட்பக்கம், முப்பத்தாறு புள்ளி ஆறு. கருவியைத் துடைத்து மறுபடி செருகினாள். அதே எண். பழக்கதோஷத்தில் அதைத் தன் அக்குளிலும் வைத்துப் பார்த்தாள்.

முப்பத்தாறு புள்ளி ஆறு.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியபோதுதான் அது முதல்தடவை நடந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னால், சோயா விழுது விற்கும் மிசோக் கடை வாசலில், தொப்புளுக்குள் ஏதோ இறுகியது. நின்றாள், சரியாகிவிட்டது. ஓர் அடி வைத்தாள், இறுகியது. சட்டைப் பொத்தான் எதிலோ மாட்டிக்கொண்டால் முதலில் துணி இழுபடுமே, அந்த மாதிரி மெல்லிய இழுப்பு. துணி இருக்க வேண்டிய இடத்தில் அவளே இருந்தாள். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட முயன்றாள். படியில் கால் வைத்தபோது கண் இருட்டியது. ஓட்டுநர், "ஏறறீங்களா, இல்லையா?" என்றார். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். வீட்டை நெருங்க நெருங்க வலி குறைந்தது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முழுக்கப் போய், அந்த இடத்தில் ஒரு வெதுவெதுப்பான சுகம் பரவியது. வலியைவிட அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது.

வாசலிலிருந்து நிறுத்தம்வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. எழுதிவைத்தாள்.

அடுத்தநாள் முந்நூற்று ஐந்துதான் முடிந்தது. உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். அதற்கு அடுத்தநாள் காலை, வீட்டுக் கூரையை மறுபடி பார்க்க வந்த இவாகியிடம், தன்னைக் கொஞ்சம் ரயில் நிலையத்தில் விட முடியுமா என்று கேட்டாள். பெட்டி கட்டவில்லை. கைப்பை மட்டும்.

"ஊருக்கா? தேதி இன்னும் இருக்கே."

"இன்னிக்கே போயிடலாம்னு."

இவாகி லாரியைக் கிளப்பினார். தொமோயே இருக்கைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேகமாகப் போனால் அறுந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அறுந்துவிட்டால் போதும். தபால்பெட்டி மூலை தாண்டும்போது, அவளுடைய உடம்பு இருக்கையிலேயே இருக்க, அவளுக்குள் இருந்த ஒன்று பின்னால் தங்கிவிட்டது. அவள் இவாகியின் காதோரமே கத்திவிட்டாள். வெள்ளைச் சட்டையில், தொப்புளுக்கு நேராக, ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி நாணயம் அளவுக்கு விரிந்தது.

"ஐயோ, ஆசுபத்திரிக்குப் போலாம்மா!"

"திருப்புங்க."

"ரத்தம்மா அது!"

"தயவுசெஞ்சு திருப்புங்க. வீட்டுக்கு."

நூற்று எண்பத்தெட்டு அடி.

குஸே அம்மாள் மறுநாள் மதியம் வந்தார். எழுபது தாண்டிய, மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. கையில் காகிதம் சுற்றிய இனிப்புப் பெட்டி. தொமோயே மேலே வரச் சொன்னாள். அவர் ஏறவில்லை. நடையிலேயே, மரத்தள விளிம்பில் அமர்ந்து, காலணி கழற்றாத பாதங்களை மண்ணில் இணைத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் மாதிரி இல்லை. அவர் பாதம் இருந்த இடம் அவருடையதுதான்.

"மொகத்துல ரத்தமே இல்லையே, தொமோயே சான். நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"குஸே அம்மா, இந்த நடைக்குக் கீழ என்ன இருக்கு?"

"அப்பா சொல்லலையா?" அவர் பெட்டியின் முடிச்சைச் சரிசெய்தார். "நீங்க பொறந்தது இந்த வீட்டுலதான். அந்த வருஷம் பனி கதவு உசரத்துக்கு. மருத்துவச்சி மாடி ஜன்னல் வழியா வந்தாங்க. நஞ்சுக்கொடிய உங்கப்பா சட்டியில போட்டு, வாசப்படிக்கு உள்ள பொதைச்சுட்டார். நாலு பேர் மிதிச்சு நடந்தா கொழந்தை திடமா வளரும்னு சொல்லுவாங்கல்ல. அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான். ஆனா எல்லாரும் சொந்த மண்ணுல செய்வாங்க."

கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"என் மாமியார் அதப் பாத்துட்டாங்க. 'கட்டறது உங்களது, பொதைக்கறது எங்களதுன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கே, படிக்கலையா'ன்னு கேட்டாங்க. உங்கப்பா பதறிப்போய் மறுநாளே தோண்டப் போனார். கடப்பாறை எறங்க எறங்க நீங்க தொட்டில்ல வீறிட்டீங்களாம். விட்டுட்டார் பாவம்."

"இத்தனை வருஷம் நான் எங்க வேணும்னாலும் போயிட்டுத்தானே இருந்தேன்?"

"குத்தகை இருந்துச்சே. மேல ஆள் இருக்கறவரைக்கும் கீழ எதுவும் அவசரப்படாது." அவர் தரையைப் பார்த்தார், ஒரு நாயைப் பார்ப்பதுபோலப் பரிவாக. "வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது நீங்கதான்."

"புதுப்பிச்சுக்கறேன். எவ்வளவு ஆனாலும்..."

"பணம் எங்க வீட்டுக்கு வரும். நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்? ஆனா இதுக்குப் பணம்னா என்னன்னே தெரியாதே." எழுந்து, பாவாடை மடிப்பைத் தட்டினார். கதவருகே நின்றார். "உங்க பொண்ணுக்கு இப்போ நாள் கிட்டியிருக்கும் இல்ல? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தானே வருவாங்க."

தொமோயேயின் கண்கள் நடையின் மண்ணுக்குப் போயின.

"அவ வரமாட்டா."

"அப்படியா. சரி." குஸே அம்மாள் அழகாகத் தலைவணங்கினார். "இனிப்பு நாளைக்குள்ள சாப்பிட்டுடுங்க. கெட்டுடும்."

அன்று தொண்ணூற்றேழு அடி. இருபத்துநான்காம் தேதி நாற்பது. பக்கத்து வீட்டு வாசல்.

அன்று பிற்பகல் தோட்டத்து மண்வெட்டியை எடுத்து வந்து நடையில் முழந்தாளிட்டாள். தோண்டி எடுத்துவிட்டால் தன்னுடன் கொண்டுபோய்விடலாம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். நகோயாவில் நான்காவது மாடியில் தொட்டிச்செடியில் வைத்துக்கொள்ளலாம். முதல் வெட்டு அவள் வயிற்றில் விழுந்தது. இரண்டாவதும். அவள் நிறுத்தவில்லை. துணியை வாயில் திணித்துக்கொண்டு கையாலும் கரண்டியாலும் தோண்டினாள். மண் ஆழத்துக்குப் போகப் போக மிருதுவாக, மாவுபோல ஆனது, பால்வாசம் கூடியது. முழங்கை ஆழத்தில் சட்டியின் மூடி தெரிந்தது. பழுப்பு நிறம், கை அகலம், ஒரு கீறல்கூட இல்லை.

மூடி மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உயர்ந்தது. தாழ்ந்தது. அதன் தாளம் தனக்குத் தெரிந்த தாளம் என்று புரியச் சற்று நேரம் ஆனது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூடி நின்றது.

முப்பது எண்ணினாள். நாற்பது. நெஞ்சு வெடித்து மூச்சை இழுத்தாள். மூடியும் இழுத்தது.

மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினாள். மெதுவாக, தூங்கும் குழந்தைமேல் போர்வை இழுத்துவிடுவதுபோல. அவளால் வேறு மாதிரி மூட முடியவில்லை.

இருபத்தைந்து: பன்னிரண்டு அடி.

இருபத்தாறு: வாசல்படி.

அன்று இவாகி வந்தார். பாதிக் கதவைத் திறந்து நின்ற தொமோயேயை ஏறிட்டுப் பார்த்தார். நகக்கண்களில் மண், கலைந்த தலை, மூன்று நாளாக மாற்றாத சட்டை.

"டாக்டர கூட்டிட்டு வரட்டுமாம்மா?"

"வேண்டாம். வேலைய ஆரம்பிச்சுடுங்க. இன்னிக்கே இடிங்க."

"நீங்க உள்ள இருக்கறப்பவா? நல்லா இருக்கே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் கையெழுத்திட்ட படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு கட்டம் இருந்தது. நல்ல மனிதர். அதில் இருந்த எண்ணை அழைத்தார்.

மாலை ஆறு மணிக்கு மியோ அழைத்தாள்.

"அம்மா, யாரோ இவாகின்னு ஒரு ஆளு. நீ சாப்பிடாம கெடக்கறியாம். தரையத் தோண்டிட்டு உக்காந்திருக்கியாம். என்னம்மா இதெல்லாம்?"

"அந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி. ஒண்ணுமில்லை."

"நாளைக்குக் காலைல வர்றேன்."

"வராதே."

"மூணு மணி நேரம். ஒக்காந்துட்டே வரப்போறேன். டாக்டரும் இன்னும் பத்து நாளுக்கு மேல இருக்குன்னுட்டார். உன்னக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"மியோ. இந்த வீட்டுக்கு வராதே. நான் சொல்றதக் கேளு. வந்தியோ அப்புறம் நான் உன் அம்மாவே இல்ல."



"நீ அழறியா?" என்றாள் மியோ. "தாத்தா செத்தப்பகூட நீ அழல."

இணைப்பு போனது. அதற்குப் பிறகு எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை. 'தூங்கு' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

காலையில் தொமோயே கதவைத் தாழிட்டாள். தாழுக்குக் குறுக்கே அலமாரிப் பலகையை வைத்துத் துணிக்கயிற்றால் கட்டினாள். கயிற்றின் மேல் இன்னொரு கயிறு. சமையலறைக் கதவுக்கு அரிசிப் பெட்டியை நகர்த்தினாள். ஜன்னல்களை அடைத்தாள். தான் வெளியே போக முடியாது, சரி. மியோ உள்ளே வரக்கூடாது. ஒருநாள் திறக்காவிட்டால் திட்டிக்கொண்டே திரும்பிப் போய்விடுவாள். அது போதும். இங்கேயே இருந்துவிடலாம். மேலேயோ, கீழேயோ. மனதில் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

பதினொன்றரைக்கு ஒரு கார் நின்றது. கதவு சாத்தும் சத்தம். கார் போனது. சக்கரப்பெட்டி சரளைக்கல்லில் கடகடத்து வந்தது.

"அம்மா!"

தொமோயே மரத்தளத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, கதவத் தொற!"

"போயிடு மியோ."

"என்னது?"

"திரும்பி ஸ்டேஷனுக்குப் போ. ஒரு நிமிஷம் நிக்காதே. கேட்டுக்கு வெளியே போ!"

"ஒம்பது மாச வயித்தோட மழையில நிக்கறேன், போன்னா சொல்ற? குடைகூட இல்ல. வண்டிய அனுப்பிட்டேன்." கதவு அதிர்ந்தது. "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? தொறம்மா!"

"தொறக்க மாட்டேன்."

"நானும் போகமாட்டேன். இங்கயே உக்காருவேன். பாக்கலாம் யாரு பிடிவாதம்னு."

வாசல்கல்லில் அவள் உட்காரும் சத்தம். பெருமூச்சு. மழை. தொமோயே கதவின் இந்தப் பக்கம் நெற்றியை வைத்தாள். இரண்டு விரல் கனமான பலகை. அதற்கு அப்பால் மகளின் முதுகு. வாசல்கல்லும் இந்த மனையில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"மியோ," என்றாள், "எழுந்திரு. கெஞ்சிக் கேக்கறேன். தெருவுக்குப் போய் நில்லு. நான் எல்லாம் சொல்றேன். தெருவுல நில்லு."

வாசல்கல்லில் துணி உரசியது.

"மியோ?"

"அம்மா." குரல் மாறியிருந்தது. சின்னதாக. "அம்மா, ஏதோ... ஈரமா... நான் ஒண்ணும் பண்ணல. தானா..."

பனிக்குடம்.

கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியே நீர் வந்தது. மழைநீர் வாசல்கல்லிலிருந்து தெருப்பக்கம்தான் ஓடும். நடை உள்நோக்கிச் சற்று மேடு. இந்த நீர் ஏறியது. வெதுவெதுப்பாக, லேசாக மஞ்சளாக, அவசரம் இல்லாமல். அவள் பாதங்களைச் சுற்றி இரண்டாகப் பிரிந்தது. மறுபடி சேர்ந்தது.

தொமோயே சட்டையைக் கழற்றிக் கதவடியில் அடைத்தாள். கையால் தள்ளினாள். துடைத்தாள். விரல்களுக்கு நடுவே புகுந்து போனது.

மண் குடித்தது. சத்தம் கேட்டது. மிடறு மிடறாக.

அப்போது வலி போனது.

முழுவதுமாக. தொப்புளுக்குள் எட்டு நாளாக இருந்த முடிச்சு யாரோ அவிழ்த்ததுபோல அவிழ்ந்தது. உடம்பு இலேசானது. எந்த இழுப்பும் இல்லை. பேருந்து நிறுத்தம்வரை, நகோயாவரை, கடல்வரை போகலாம். அவளை விட்டுவிட்டது.

"வேண்டாம்," என்றாள் தரையிடம். "என்னை வெச்சுக்கோ. என்னை. நான்தான் உன்னோடது. புடிச்சுக்கோ."

கயிறுகளைப் பிய்த்தாள். பலகை விழுந்தது. கதவைத் தள்ளினாள்.

மியோ எழுந்து நின்றிருந்தாள். முடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியிருந்தாள்.

"வா. ஓடு. வா!" தொமோயே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். மூன்று அடி. சரளை, மழை, கேட். தொமோயேயின் கால்கள் பறந்தன.

மியோ அலறினாள்.

கை நழுவியது. மியோ குனிந்து, வயிற்றைப் பிடித்தபடி, ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னோர் அடி. வீட்டை நோக்கி. அவள் முகத்தில் வலி தணிந்து, ஒரு சுகம் பரவுவதைத் தொமோயே பார்த்தாள்.

"அம்மா, உள்ள போலாமே," என்றாள் மியோ. "உள்ள போனா வலிக்கல."

கேட்டுக்கு வெளியே குஸே அம்மாள் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் குடையை மடக்கினார். அதைச் சுவரில் சாய்த்தார். கொட்டும் மழையில் கைகளை முன்னால் சேர்த்து, புதுக் குடித்தனக்காரரை வரவேற்பதுபோல, மியோவின் வயிற்றைப் பார்த்து ஆழமாக வணங்கினார்.

ஈரச் சட்டைக்குள் வயிறு அசைந்தது. அவரைப் போலவே மெதுவாக முன்னால் சரிந்து, தாழ்ந்து, சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, நிமிர்ந்தது.